திருநர் பிள்ளைகளுக்கான ஆலோசனை: பயிற்சி தர ஆள் வேண்டும்

மதுரையில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உளவியல் ஆலோசகர்களுக்கு, திருநர் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பயிற்சி வைக்கப் பார்க்கிறேன், யாராவது கை கொடுங்கள். பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, திருநராக இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. சரி, அதெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டிவிடலாம்.

எனக்கு வேண்டியது வேறு. பதினாறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே "எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க டாக்டர்" என்று பெற்றோர் அழும்போது என்ன சொல்வது, பிள்ளை தனியாகச் சொன்னதில் எதை வீட்டாரிடம் சொல்லக்கூடாது, அவர்கள் முன்னால் எந்தப் பெயரில் கூப்பிடுவது, இதையெல்லாம் நடித்துப் பார்த்துத்தான் பழக முடியும். அதற்குத் தமிழில் மாதிரி உரையாடல்கள் இருந்தால் அனுப்புங்கள். திருநர் பயிற்சியாளர்கள் வந்தால் ரொம்ப நல்லது, கட்டணம் கண்டிப்பாக உண்டு (சும்மா கூப்பிட்டுச் சொந்தக் கதை கேட்டு அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடிக்காது). கமெண்டில் சொல்லுங்கள், நானே பேசுகிறேன்.