புதுப்பிப்பு: மச்சானின் ஹெரோயின் வழக்கு, எடை வித்தியாசம்

வழிகாட்டிய எல்லாருக்கும் நன்றி. பொலிஸ் நிறுத்த எடைக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், எது செல்லும் என்று கேட்டிருந்தேன்.

செல்வது அறிக்கைதான். அதிலும் தூளின் மொத்த எடை இல்லை, தூய ஹெரோயினின் அளவு. பொலிஸ் எடை 4 கிராமுக்குக் கிட்ட. தூயது 1 கிராமும் இல்லை. இலங்கையில் தூய ஹெரோயின் 2 கிராமைத் தொட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்பதால் மாமி வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை, அறிக்கை வந்தபிறகுதான் மூச்சு வந்தது.

வழக்கை முடித்தது "முத்திரையைப் பாருங்கோ" என்று இங்கே ஓர் அண்ணா சொன்ன யோசனை. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் எங்கள் சட்டத்தரணி ஹெரோயின் இருந்த உறையின் அரக்கு முத்திரை, சான்றுப்பொருள் இலக்கம், பகுப்பாய்வாளரின் பற்றுச்சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஓர் இரவு உறை யார் பொறுப்பில் இருந்தது என்பதற்குப் பதிவே இல்லை! சான்றுப்பொருள் பகுப்பாய்வாளரிடம் போய்ச் சேரும்வரையான பயணம்தான் முக்கியம் என்று 1998இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அவரிடமிருந்து திரும்பி வந்த வழியில் ஓட்டை தேடி மினக்கெடாதீர்கள்.

மச்சான் விடுதலை. எதிர்பாராதது ஒன்று: பொலிஸ் எடுத்து வைத்த போன் தானாகக் கைக்கு வராது, அதற்குத் தனியாக நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போடவேண்டும்.