துபாய் சலூன் வேலை: 1,500 திர்ஹாம் சம்பளம் கட்டுபடியாகுமா?

வைகைக்கரை:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மதுரையில் 6 வருஷமா கட்டிங், ஷேவிங், ஃபேஷியல், டை எல்லாம் பண்றேன். மாசம் கைக்கு 20,000 வருது. இப்போ துபாய் தேராவில் ஒரு ஜென்ட்ஸ் சலூனுக்கு ஆள் கேக்கிறாங்க. சம்பளம் 1,500 திர்ஹாம். ரூம் தருவோம்னு வாயால் சொல்றாங்க, சாப்பாடு நம்ம செலவு, டார்கெட் தாண்டினா கமிஷன். ஆள் அனுப்புறவர் விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய் கேக்கிறார். மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும். நான் ஒன்பதாவது வரைதான், பாஸ்போர்ட் இ.சி.ஆர். (பத்தாவது பாஸ் பண்ணாதவங்க வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வாங்கணும்ங்கிற வகை). "முதல்ல விசிட் விசாவில் ஏறிடு, அங்க போய் மாத்திக்கலாம்"னு சொல்றார்.

வீட்டுக்கு மாசம் எவ்வளவு அனுப்ப முடியும்? இந்தப் பணம் கட்டலாமா? சாமான் என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாயிஃப்_வாசி:

தம்பி, முதல்ல பணக் கணக்கை மட்டும் பார்ப்போம். கமிஷன், டிப்ஸ் ரெண்டையும் இதில் சேர்க்காதே. வந்தா லாபம், அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

ரூம் கம்பெனி தருதுன்னே வச்சுக்குவோம். சாப்பாடு 450, போனும் நெட்டும் 60, பஸ் மெட்ரோ 90, சோப்பு, துணி துவைக்க, மாத்திரை மருந்து 100. மொத்தம் 700. மிச்சம் 800 திர்ஹாம். திர்ஹாம் 23 ரூபாய்னு போட்டா 18,400 ரூபாய்.

இந்த 450-ங்கிறது மெஸ் கட்டினாலோ, ரூமில் நாலு பேர் முறை வச்சுச் சமைச்சாலோதான். காலையில டீயும் பரோட்டாவும், மதியம் மீல்ஸ், ராத்திரி ஏதாவதுன்னு மூணு வேளையும் கடையில் சாப்பிட்டா ஒரு நாளைக்கு 25 திர்ஹாம் சாதாரணமா ஓடிடும். அப்போ மாசம் 750. சலூன்காரங்க மாட்டிக்கிறது இங்கதான். கடை ராத்திரி பத்து மணி வரைக்கும் இருக்கும், ரூமுக்குப் போய்ச் சமைக்கத் தெம்பு இருக்காது. லீவு நாளில் மூணு நாளைக்குச் சாம்பார், கறிக்குழம்பு வச்சு டப்பா டப்பாவா ஃப்ரிட்ஜில் அடுக்கி, தினம் சோறு மட்டும் வடிக்கிறவங்கதான் காசு மிச்சம் பண்றாங்க.

பஸ்ஸுக்கு 90 போட்டது ரூம் கடைக்குப் பக்கத்தில் இருந்தா. ரூமைத் தொழிலாளர் கேம்ப் இருக்கிற சோனாப்பூர்ப் பக்கம் போட்டுட்டுக் கடை தேராவில் இருந்தா, வண்டி அவங்க விடுறாங்களான்னு கேளு. இல்லைன்னா மாச பாஸ் எடுக்கணும். ஒரே ஸோனுக்குள் 140, பக்கத்து ஸோனும் சேர்ந்தா 230, எல்லா ஸோனுக்கும் 350 திர்ஹாம்.

இப்போ கடனுக்கு வா. ஒன்றரை லட்சத்துக்கு மூணு வட்டின்னா மாசம் 4,500 வட்டி மட்டும். 18,400-ல் அது போக 13,900. அசல் இன்னும் அப்படியே நிக்குது. மதுரையில் வர்ற 20,000-ல் உன் சாப்பாட்டுச் செலவைக் கழிச்சுட்டு இதோட ஒப்பிட்டுப் பாரு.

ரூம் இல்லைன்னு ஆகிப்போனா? தேராவில் பெட்ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு, 600-க்குக் கீழே கிடைக்கிறது கஷ்டம். ஆறு பேர், எட்டு பேர் படுக்கிற ரூமில் அடுக்குக் கட்டில், ஒரு பாத்ரூம். 800-ல் 600 போனா மிச்சம் 200 திர்ஹாம், அதாவது 4,600 ரூபாய். வட்டி 4,500. உன் மாச உழைப்பு மொத்தமும் வட்டிக்காரருக்கு. அதனால "ரூம் உண்டு"ங்கிற ஒரு வரி எழுத்தில் வந்தாகணும். சார்ஜா ரோலாவில் பெட்ஸ்பேஸ் மலிவு, ஆனா தேராவுக்குத் தினம் போய்வர பஸ் காசும் டிராஃபிக்கில் ரெண்டு மணி நேரமும் போகும். சலூன் நேரத்துக்கு அது ஒத்துவராது.

இன்னொண்ணு. இறங்கினதும் சம்பளம் வந்துடாது. மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை), பேங்க் கார்டு எல்லாம் முடிஞ்சு முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாசம் ஆகலாம். கையில் 1,000 திர்ஹாம் இல்லாம ஏறாதே. அதுவும் இல்லாம வர்றவங்க முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கி, அந்தக் கழிவிலேயே நாலு மாசம் ஓட்டுறாங்க.

பேப்பர்_சரிபார்:

பணக் கணக்கை மேலே சொல்லிவிட்டார்கள். காகிதங்களைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த ஒன்றரை லட்சத்தை எந்தக் காரணத்துக்காகவும் கட்டாதீர்கள்.

இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும், பணம் ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பட்டியலில் இல்லாதவர் சப் ஏஜென்ட். அவருக்கு ஆள் அனுப்பும் உரிமையே கிடையாது. இவர்களை நம்ப மனமில்லை என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978-லிருந்து இருக்கிறது. அங்கேயும் பதிந்து வையுங்கள்.

அமீரகத்திலும் சட்டம் தெளிவு. 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, வேலைக்கு எடுக்கும் செலவை முதலாளி தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது. விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி எல்லாம் அவர் செலவு. "மாதம் 200 பிடித்துக்கொள்வோம்" என்றாலும் அது இதில்தான் வரும்.

விசிட் விசா யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே போய் விசா மாற்றுவது நடக்கிற காரியம்தான், ஆனால் இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர் வேலைக்காக அமீரகம் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கியே ஆக வேண்டும். சுற்றுலா என்று சொல்லி ஏறினால் அந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். தப்பிப் போய்விட்டாலும், வேலை விசா அடிக்குமுன் கடையில் கத்தரி பிடித்தால் அது சட்டவிரோத வேலை. 2024 திருத்தத்துக்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 1,00,000 முதல் 10,00,000 திர்ஹாம் வரை அபராதம். அதனால் சோதனைக்கு ஆள் வந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது நீங்கள்தான். விசிட் விசா தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் உங்கள் தலையில்.

நேரான வழி இது: முதலாளி அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரை அனுப்புவார். அது அரபி, ஆங்கிலம், அதோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழி என்று வரும். அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. "தமிழ்ப் பிரதி வேண்டும்" என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு என்ட்ரி பெர்மிட், இ-மைக்ரேட்டில் கிளியரன்ஸ், பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ். இது 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சி இலவசமாக நடத்துகிறார்கள். போய் உட்காருங்கள், சம்பளப் புகாரை எப்படிக் கொடுப்பது என்று சொல்லித் தருவார்கள்.

நேரமிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறிவிடுங்கள். இ.சி.ஆர். நீங்கிவிடும், அடுத்த முறை இவ்வளவு அலைச்சல் இருக்காது.

கிளிப்பர்_கை:

சாமான் கேட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: காசு கட்டுறதுக்கு முன்னாடி மதுரையிலேயே ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. அமீரகத்தில் எல்லாருக்கும் எச்.ஐ.வி.யும் காசநோய் எக்ஸ்ரேயும் உண்டு. சலூன்காரங்களுக்கு அதுக்கு மேல ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் ரெண்டும் பார்ப்பாங்க, ஏன்னா நம்ம கையில் பிளேடு இருக்கு. பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிஞ்சாக்கூட சிக்கல். இங்கே சில நூறு ரூபாயில் தெரிஞ்சுக்க வேண்டியதை அங்கே இறங்கித் தெரிஞ்சுக்கிட்டா டிக்கெட்டோட போச்சு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ்: முதல் ஊசி, ஒரு மாசத்தில் ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. இப்பவே ஆரம்பிச்சுடுங்க.

இனி சாமான். கத்தரி, சவரக்கத்தி, பிளேடு எல்லாம் செக்-இன் பெட்டியில். கைப்பையில் வச்சா ஸ்கேனரில் எடுத்துடுவாங்க. பேட்டரி கிளிப்பர், ட்ரிம்மரைக் கைப்பையில் வைங்க, தனியா உபரி லித்தியம் பேட்டரி இருந்தா அது கட்டாயம் கைப்பையில்தான். கரண்ட் நம்ம ஊர் மாதிரியே 50 ஹெர்ட்ஸ், அதனால மெஷின் ஓடும். பிளக் மட்டும் மூணு சதுர முனை, ரெண்டு அடாப்டர் போதும். அமெரிக்காவுக்குன்னு செஞ்ச 120 வோல்ட் கிளிப்பரை ஆஃபர்ல வாங்கிட்டுப் போகாதீங்க. வயர் வச்ச காந்த மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கு அமைச்சது. கன்வெர்ட்டர் போட்டாலும் அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. கடகடன்னு அடிச்சு, முடியை வெட்டாம இழுக்கும்.

கையில் என்ன வித்தை வேணும்னு நீங்க கேக்கலை, ஆனா சம்பளத்தை அதுதான் முடிவு பண்ணும். ட்ரையலில் முதல்ல பார்க்கிறது ஃபேட், அதாவது கீழே ஒட்ட வெட்டி மேலே போகப்போக முடி நீளத்தைக் கோடு தெரியாம கூட்டுறது. அரபிக் கஸ்டமர் "தத்ரீஜ்"னு சொல்வார், அதுதான் ஃபேட். "தஹ்தீத்"னா தாடிக்குக் கோடு எடுக்கிறது. "கஃபீஃப்"னா லேசா.

ஃபேடில் நம்ம ஆட்கள் தோற்கிறது ஒரே இடத்தில். கீழே ஸீரோவில் சுத்திக் கோடு போட்டாச்சு, நேரா ஒண்ணாம் நம்பர் கார்டை (கிளிப்பரில் மாட்டுற சீப்பு, 3 மில்லிமீட்டர்) மாட்டி மேலே ஏறிடுவாங்க. ஸீரோவுக்கும் 3 மில்லிமீட்டருக்கும் நடுவில் படியே இல்லை, கோடு அப்படியே நிக்கும். ஸீரோவுக்கு மேல லீவரைத் திறந்து அரை அங்குலம் ஏத்துங்க. அதுக்கு மேல 3 மில்லி கார்டு. அப்புறம் 1.5 மில்லி கார்டை மாட்டி, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே, மணிக்கட்டை வெளிப்பக்கம் சுண்டி அந்தக் கோட்டை மட்டும் தட்டணும். கிளிப்பரைத் தலையோட ஒட்டி மேலே இழுத்தா கோடு போகாது, ஒரு இஞ்ச் மேலே நகரும், அவ்வளவுதான். தலைத்தோல் வெளுப்பா, முடி கறுகறுன்னு இருக்கிறவங்களுக்கு இந்தக் கோடு தூரத்திலிருந்தே தெரியும். துபாயில் அப்படிப்பட்ட கஸ்டமர் நிறைய. ஊரில் நம்ம தலைகளில் தெரியாத தப்பு அங்க தெரிஞ்சுடும். நூல் போட்டு முகம் எடுக்கிறதும் நல்லாக் கத்துக்கிட்டுப் போங்க, தினம் கேப்பாங்க.

கமிஷன் விஷயம்: "டார்கெட் தாண்டினா"ங்கிற வார்த்தை மட்டும் போதாது. உதாரணத்துக்கு டார்கெட் 4,500, மேலே வர்றதுக்கு 30 சதவீதம்னு வைங்க. 26 நாளைக்குப் பிரிச்சா தினம் 173 திர்ஹாம். கட்டிங்கும் தாடியும் சேர்த்து 30 வாங்குற கடைன்னா தினம் ஆறு பேர். முடியும். 6,000 பண்ணினா 450 கமிஷன். அதே டார்கெட் 7,500-ன்னா தினம் பத்து பேர் உங்க சேருக்கே வரணும். புது ஆளுக்கு முதல் ஆறு மாசம் அது வராது. மூணு கேள்வி கேளுங்க: லீவு எடுத்த நாளுக்கு டார்கெட் குறையுமா, கலர், கெரட்டின் பொருள் காசைக் கழிச்சுட்டுத்தான் சதவீதமா, ரமலான் மாசத்துக்கும் அதே டார்கெட்டா. ரமலானில் பகல் பூரா கடை காத்தாடும், கூட்டமெல்லாம் ராத்திரிதான்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணே. விசிட் விசா வேண்டாம்னு சொல்லிட்டேன். உடனே ஆஃபர் லெட்டர் போட்டோ அனுப்பினார். அதில் பேசிக் 800, அலவன்ஸ் 700-னு பிரிச்சிருக்கு. வேலைன்னு இருக்கிற இடத்தில் 'க்ளீனர்'னு போட்டிருக்கு. "எல்லாருக்கும் அப்படித்தான், சம்பளம் ஒண்ணுதானே"ங்கிறார். ரூம் பற்றி ஒண்ணும் இல்லை.

பேப்பர்_சரிபார்:

மூன்றுமே திருத்தப்பட வேண்டியவை.

'க்ளீனர்' என்றால் கையெழுத்தே போடாதீர்கள். பெர்மிட்டில் உள்ள தொழிலும் கடையில் பார்க்கிற தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். துபாயில் முடி வெட்டுபவருக்கு ஹெல்த் கார்டு தேவை. மாநகராட்சி ஆய்வாளர் வந்தால் கத்தரி யார் கையில் இருக்கிறது, அவரிடம் கார்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஆய்வாளர் வரும்போதெல்லாம் கையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற நிலைமை வேண்டாம். 'பார்பர்' அல்லது 'ஹேர்டிரெஸ்ஸர்' என்று இருக்க வேண்டும்.

பேசிக் குறைந்தால் என்ன நஷ்டம் என்றால், கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) பேசிக் மேல்தான் கணக்கு. ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக். 800 என்றால் வருடம் 560, இரண்டு வருடத்துக்கு 1,120 திர்ஹாம். முழு 1,500-ம் பேசிக் என்றால் 2,100. ஓவர்டைமும் பேசிக் மேல்தான். முழுதாக மாற்ற மாட்டார்கள், 1,000-க்காவது பேசிப் பாருங்கள்.

ரூம் தருவதாக ஆஃபர் லெட்டரிலேயே வர வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னது புகார் கொடுக்கும்போது நிற்காது.

நாயிஃப்_வாசி:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. வேலையிழப்பு இன்ஷூரன்ஸ் ஒண்ணு இருக்கு, மாசம் 5 திர்ஹாம், வரி தனி. அதை நீதான் கட்டணும். எடுக்காம விட்டா 400 அபராதம். 12 மாசம் தொடர்ந்து கட்டினவருக்கு, தன் தப்பில்லாம வேலை போனா பேசிக்கில் 60 சதவீதம் மூணு மாசம் வரைக்கும் கிடைக்கும். பாரு, இங்கேயும் பேசிக்தான்.

பாஸ்போர்ட்டை "சேஃப்டிக்கு" வாங்கி வச்சுக்கிட்டா, அது அங்கே சட்டப்படி தப்பு, திருப்பிக் கேளு. கொடுக்கலைன்னா, சம்பளம் 15 நாளுக்கு மேல தள்ளிப்போனாலும், துபாய் இந்தியத் துணைத் தூதரக உதவி மையம் 800 46342, காசில்லாத நம்பர். போனில் 'மாமா வீடு'ன்னு பேர் போட்டுச் சேவ் பண்ணிக்கோ, ஊரில் வீட்டுக்கும் ஒரு காப்பி கொடுத்துட்டுப் போ.