தோட்டத்து ஏ.டி.வி.க்கு இன்சூரன்ஸ் வேண்டுமா?

கேள்வி: பினாங்கு பாலிக் புலாவில் அப்பாவின் டுரியான் தோட்டத்துக்கு நம்பர் பிளேட் இல்லாத பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்று பார்த்திருக்கிறோம். பழக்கூடை ஏற்றத்தான், ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் தார் ரோட்டில் போயாக வேண்டும். பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் அவசியமா அண்ணே?

பதில் 1: அந்தத் தார் ரோடுதான் சிக்கல் தம்பி. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பொதுமக்கள் போய்வரும் வழியும் சாலைதான், அங்கே ஓட்ட ஜே.பி.ஜே. (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் (நாம் இடித்தவருக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம், இல்லாமல் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு மொத்தமும் அப்பா தலையில்தான் விழும்.

பதில் 2: ஏ.டி.வி.யைப் பதிவது லேசில்லை, காசு கொடுப்பதற்கு முன்பே ஜே.பி.ஜே.யில் கேளுங்கள். என்னைக் கேட்டால் நம்பர் உள்ள கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) போதும். அப்புறம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஓட்டுபவரின் காயத்துக்குத் தராது. தோட்டத்தில் வேலையாள் இருந்தால் சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டிவிடுங்கள்.