'ஸ்டே ஹங்ரி' அர்னால்டும் மேடைக்கு ஏறும் உடம்பும்

'ஸ்டே ஹங்ரி' (1976) படம் பார்க்கிற ஜிம்காரர் எல்லாரும் கேட்பது, அர்னால்ட் ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறார் என்றுதான். 240 பவுண்டில் வந்து நின்றால் பக்கத்தில் ஜெஃப் பிரிட்ஜஸும் சாலி ஃபீல்டும் எடுபட மாட்டார்கள் என்று, 210க்கு இறக்கச் சொன்னார் இயக்குநர் பாப் ராஃபெல்சன். கிட்டத்தட்ட 14 கிலோ! அலபாமாவில் படப்பிடிப்பு நடந்த அதே 1975இல், நவம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் மிஸ்டர் ஒலிம்பியா பாடிபில்டிங் போட்டி. அதையும் ஜெயித்தார். இறக்கிய உடம்பை அவ்வளவு சீக்கிரம் ஏற்ற முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

முடியும் மாஸ்டர். ஏற்கெனவே வளர்ந்த தசைநாரில் கூடுதலாகச் சேர்ந்த உட்கருக்கள், தசை சுருங்கினாலும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன என்பதுதான் இப்போது சொல்லப்படும் விளக்கம். அதனால் இழந்தது வேகமாகத் திரும்பும். கஷ்டமெல்லாம் இறக்குவதில்தான். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும். உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 2 கிராம் புரதம் வேண்டும். செட்டை, அதாவது பயிற்சிச் சுற்றுகளைக் குறைக்கலாம், பாரில் இருக்கிற எடையைக் குறைக்கக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, குட்டி டம்பெல்லை ஒரே மூச்சில் 30 ரெப் (தடவை) அடித்து உடம்பைத் தொலைக்கிறார்கள்.

*

இந்தப் படத்தின் கதை எழுதிய சார்ல்ஸ் கெய்ன்ஸ்தான் பாடிபில்டர்களைப் பற்றிய 'பம்பிங் அயர்ன்' புத்தகத்தையும் எழுதியவர். பாடிபில்டரைக் கேலிப்பொருளாக்காமல், ஃபிடில் வாசிக்கிற மனுஷனாகக் காட்டியது அதனால்தான். அர்னால்டுக்குக் கோல்டன் குளோப் புதுமுக விருது வந்ததும் இந்தப் படத்துக்கே.

*

படத்தின் கடைசியில் பாடிபில்டிங் போட்டியாளர்கள் தெருவுக்கு ஓடிவந்து போஸ் கொடுக்கிறார்களே, அந்த வெயிலில் கட்ஸ், அதாவது தசைகளுக்கு நடுவே விழும் வெட்டு, தானாகத் தெரியும். மேடை விளக்கு முன்னாலிருந்து அடிக்கும்போது நிழலே இருக்காது, அதற்காகத்தான் டேன், அதாவது உடம்பைக் கருக்கக் காட்டப் பூசும் சாயம். நம்ம நிறத்துக்குத் தேவையில்லை என்று விடாதீர்கள் தம்பிகளா, முகம் ஒரு நிறம் உடம்பு ஒரு நிறமாகத் தெரியும். முந்தின நாள் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு 2 கோட், காலையில் 1. டியோடரண்ட் வேண்டாம், அக்குள் பச்சையடிக்கும். எண்ணெய் மேடையேறும் முன் கொஞ்சமே. கூடினால் டேன் வழியும். மேடையேறும் முன் லேசாகப் பயிற்சி செய்து தசையில் ரத்தம் ஏற்றும் பம்ப் தோளுக்கும் முதுகுக்கும் போதும், தொடையில் ரத்தம் ஏறினால் வெட்டு மங்கிவிடும்.

உடம்பு வெட்டாகத் தெரியட்டும் என்று போட்டிக்கு முன் தண்ணீரை மட்டும் அடியோடு நிறுத்தாதீர்கள். சோற்றிலிருந்து தசையில் சேரும் மாவுச்சத்துச் சேமிப்பான கிளைகோஜன் 1 கிராம் தங்க ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு சோறு தின்றாலும் தசை தட்டையாகவே கிடக்கும், போஸ் பிடிக்கும்போது தொடை இழுத்துக்கொள்ளும். கூடவே நீர் பிரிய மாத்திரை போட்டால் பொட்டாசியம் தாறுமாறாகி இதயமே நின்றுபோகலாம்.