பாகூருக்குக் குடிபோகலாமா? போனவர்களும் திரும்பி வந்தவர்களும் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை மாடிவீடு

ஒன்பது வருடமாகப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறோம். 6,000 ரூபாயில் தொடங்கிய வாடகை இப்போது 11,000. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரிதான். ஆனால் மாமியாருக்கு மூட்டுவலி வந்த பிறகு அந்த 22 படிகள்தான் எங்கள் வீட்டின் பெரிய தலைவலி. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவரைக் கீழே இறக்க ஒரு ஆள், மேலே ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். கீழ்வீடு கிடைத்தால் வாடகை கட்டுப்படியாகவில்லை.

கணவருக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. எனக்கு நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. மகள் அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்பு, மகன் 4-ஆம் வகுப்பு.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகூர் போய்ப் பார்த்தோம். ஏரிக்கரையில் நல்ல காற்று. கடைத்தெருவில் மருந்துக்கடை, பேக்கரி, ஹார்டுவேர் கடை எல்லாம் வந்துவிட்டன. மூலநாதர் கோயில் பிராகாரத்தில் மாமியார் யார் கையையும் பிடிக்காமல் தானாக ஒரு சுற்று நடந்தார். அதைப் பார்த்தபோதே நான் பாதி முடிவு செய்துவிட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் புரோக்கர் ஒரு மனையைக் காட்டி "நாலு குழி" என்றார். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் குழி என்றால் 144 சதுர அடி. நாலு குழியில் மாட்டுக்கொட்டகைதான் போடலாம் என்று கணவரிடம் முணுமுணுத்தேன். கேட்டால் இங்கே ஒரு குழி 576 சதுர அடியாம். பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் அதில் குழியும் இல்லை, சென்ட்டும் இல்லை. ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அளவு. இதையே புரிந்துகொள்ள முடியாதவள் இடம் வாங்கலாமா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாகூர் வேண்டாம், வில்லியனூர் பார் என்கிறார் என் அண்ணன். எல்லையைத் தாண்டி கடலூர்ப் பக்கம் போனால் இன்னும் மலிவு என்கிறார் புரோக்கர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வில்லியனூர், ஆறு வருடம்

அக்கா, ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். ஏமாந்தோம் என்று சொல்வதும் சரியில்லை, இப்போது நன்றாகத்தான் இருக்கிறோம். முதல் இரண்டு வருடம்தான் பட்டோம்.

வில்லியனூரிலிருந்து டவுனுக்கு 10 கிலோமீட்டர். முன்பெல்லாம் அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டில் நிற்போம். பல வருடம் இழுத்து ஒருவழியாக அங்கே மேம்பாலம் வந்தது. இப்போது பாலத்தில் விருட்டென்று ஏறி இறங்கி, சீக்கிரமாகவே இந்திரா காந்தி சிலைக்கு வந்து அங்கே நிற்கிறோம். நிற்கிற நேரம் அதேதான், இடம்தான் மாறிவிட்டது.

பாகூர் என்றால் உங்கள் வழி கடலூர் ரோடு. கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை பிரச்சினை இல்லை. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை, இந்த நாலையும் காலை எட்டரைக்கு ஒரு தடவை கடந்து பாருங்கள். உங்கள் கணவருக்குக் கவலை இல்லை. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையைப் பிடித்து வில்லியனூர், மூலகுளம் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடலாம். தூரம் அதிகம், ஆனால் வண்டி நிற்காது. மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான். ஊர் பார்க்கப் போகும்போது ஆண்கள் தங்கள் வேலைக்குப் போகிற வழியை மட்டும் பார்த்துவிட்டு "பக்கம்தான்" என்று சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார்.

இன்னொன்று. தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்றால் வார்டு மெம்பரைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நேராகப் போய் நிற்க வேண்டியதுதான்.

நல்லதையும் சொல்லணும் இல்லையா. வைகாசியில் திருக்காமீஸ்வரர் தேர். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். லாஸ்பேட்டையில் இருந்தவரை எனக்கு அது பேப்பரில் வரும் போட்டோ. இப்போது என் பிள்ளைகள் வடத்தைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.


எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூர்ப் பக்கம் மலிவு என்று புரோக்கர் சொன்னதால் எழுதுகிறேன். நான் முள்ளோடையைத் தாண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள் வீடு கட்டியவன். என் வாசலிலிருந்து புதுச்சேரி எல்லை நடக்கிற தூரம். அந்தக் கொஞ்ச தூரத்தில் வாழ்க்கையே மாறிவிடும் சகோதரி.

முதலில் உங்கள் மகள். அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்பு என்கிறீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இப்போது இங்கே சேர்த்தால் அது கிடைக்காது. புதுச்சேரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் கொண்டுவந்திருக்கிறார்கள், இங்கே வந்துவிட்டால் அதுவும் போச்சு. குடியிருப்புச் சான்று கேட்கிற இடத்தில் எல்லாம் ஐந்து வருடக் கணக்கு வந்து நிற்கும். பாடத்திட்டமும் வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, இந்தப் பக்கம் சமச்சீர். பத்தாம் வகுப்புக்கு முன் வருடம் பிள்ளையை இப்படிப் புரட்டாதீர்கள். என் மகன் ஏழாவதில் மாறினான், அவனுக்கே ஒரு வருடம் பிடித்தது.

மற்றது எல்லாம் சில்லறை. கரண்ட் பில் அங்கே மாதாமாதம், இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதில் 100 யூனிட் இலவசம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, என் மனைவிக்கு அதில்தான் ஏகப்பட்ட சந்தோஷம். பி.ஒய். நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் டி.என். நம்பருக்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் போட மட்டும் எல்லாரும் அந்தப் பக்கம் போவோம். அந்தப் பக்கம் போகிற வேறு காரணம் உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ரோட்டில் குறுக்கே போவதற்குத் தைரியம் வேண்டும்.

மலிவான மனை என்றால் அங்கீகாரத்தைப் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. அதற்குப் பிறகு அனுமதி இல்லாமல் பிரித்தது என்றால் தொடவே வேண்டாம். "எல்லாரும் வாங்கிட்டாங்க சார்" என்பது அனுமதி இல்லை. அதைக் கேட்டுத்தான் என் மைத்துனர் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார், இன்னும் வரவில்லை.


பாகூர்ப் பழைய வாத்தியார்

அம்மா, நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். ஊரைக் குறை சொல்ல மனம் வராது. பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்விச்சாலை, இருந்தது. அது நடக்க மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேடு பாகூரில் கிடைத்தது. அந்தக் காலத்திலேயே வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த ஊர் இது, நீங்களும் தாராளமாக வரலாம். ஆனால் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் லாஸ்பேட்டைக்காரர்களும் பட்டிருப்பீர்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மறுநாள் வடிந்துவிட்டது. தானே புயலையே பார்த்தவர்கள் நாங்கள், 2011 டிசம்பர் 30-இல் தென்னையும் பலாவும் வேரோடு போனது. அதோடு பார்த்தால் இது பரவாயில்லை என்று துணியைக் காயப்போட்டோம். வெயில்கூட அடித்தது.

உண்மையான வெள்ளம் அதற்கு அப்புறம்தான் வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் பேய்மழை, சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்தார்கள். எங்கள் தலைக்கு மேலே மேகம் இல்லை. ஆனால் சோரியாங்குப்பம், குருவிநத்தம், பரிக்கல்பட்டு, கொமந்தான்மேடு எல்லாம் தண்ணீருக்குள். நெல்லுக்கு மேல் ஆள் உயரம் ஓடியது. மழை பெய்தால்தான் வெள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்த என் பேரன் "தாத்தா, வானம் நீலமா இருக்கே" என்று கேட்டான். கடலூர் ரோடும் துண்டிக்கப்பட்டது. அந்த இரண்டு நாள் நாங்கள் தீவுக்காரர்கள்.

எங்கள் தெருவுக்கு அன்று தண்ணீர் வரவில்லை. ஏன் என்றால் பழைய குடியிருப்பு, மேட்டில் இருக்கிறது. தாத்தாக்கள் மேடு எது பள்ளம் எது என்று பார்த்துத்தான் வீடு கட்டினார்கள். புது நகர்கள் எல்லாம் வயலில் வருகின்றன. வயல் ஏன் வயலாக இருந்தது? தண்ணீர் தானாக வந்து நின்றதால்தானே. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிற தண்ணீர், ஏரியிலிருந்து கிளை வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்குப் போகும். அந்தக் கிளை வாய்க்கால் ஒன்றின் மேல்தான் இன்றைக்கு ஒரு நகரின் நுழைவு வளைவு நிற்கிறது. எது என்று எழுதமாட்டேன், வந்தால் காட்டுகிறேன்.

மனை பார்க்கும்போது மூன்று பேரைக் கேளுங்கள். பக்கத்து வயலில் நாற்று நடுகிற பெண், மாடு மேய்க்கிறவர், பால்காரர். புரோக்கரைக் கேட்காதீர்கள், அந்த மனைச் சொந்தக்காரரையும் கேட்காதீர்கள். நம் மனிதர்கள்தான், ஆனால் விற்கிற கை.

குடிதண்ணீர் பயம் வேண்டாம். கடலோரம் போனால் போர்வெல் தண்ணீர் உப்படிக்கிறது, இங்கே இன்னும் நன்றாக இருக்கிறது.


மஞ்சக்குப்பம் திரும்பியவள்

நான் சுருக்கமாக. சென்னையிலிருந்து நெல்லிக்குப்பத்துக்கு வீடு மாற்றி, மூன்று வருடத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்துவிட்டேன். நெல்லிக்குப்பம் மேல் ஒரு குறையும் இல்லை. கரும்பு வண்டி, ரயில், நல்ல காய்கறி, கூப்பிட்டால் ஓடிவரும் அக்கம்பக்கம், எல்லாம் உண்டு. ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அப்பாவுக்கு மூச்சுத்திணறல். பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக் பூட்டிக்கிடந்தது. ஆட்டோவில் கடலூர் வருவதற்குள் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். மறுமாதமே வீடு பார்த்தேன்.

உங்கள் மாமியாருக்கு மூட்டுதான், நெஞ்சு இல்லை. அதனால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் ராத்திரி ஒரு தடவை அந்த ஊரிலிருந்து ஜிப்மர் வரை வண்டியில் போய்ப் பாருங்கள்.


லாஸ்பேட்டை மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கடலூர்ப் பக்கம் என்ற பேச்சையே மகளுக்காக விட்டுவிட்டோம். அண்ணன் சொன்ன வில்லியனூரில் இரண்டு வீடு பார்த்தோம், இரண்டிலும் படி.

வாத்தியார் ஐயா சொன்னபடி போன வாரம், நல்ல மழையில், வேலைநாளில் பாகூர் போனோம். ஐயாவே குடையோடு வந்து சுற்றிக் காட்டினார். மே மாதம் பார்த்த நாலு குழி மனையில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. நாற்றங்காலில் இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அதுவா? அங்க நாங்க கெண்டை பிடிப்போம்" என்றார். கணவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் பணம் வைத்துக்கொண்டு போன நாள் ஞாபகம் வந்தது.

காலை பஸ்ஸிலும் போய்ப் பார்த்தேன். பாகூரில் ஏழே காலுக்கு ஏறி, நேரு வீதிக் கடை வாசலுக்கு எட்டு ஐம்பதுக்கு வந்தேன். முருங்கப்பாக்கத்தில் மட்டும் ஒரு முழு கந்தசஷ்டி கவசம் சொல்லி முடித்தேன். கடை முதலாளியிடம் கேட்டதில், வாரம் இரண்டு நாள் கணக்கை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வாயால்தான் சொன்னார், பார்க்கலாம்.

ராத்திரிப் பயணமும் ஆயிற்று. ஒன்பதரைக்குக் கிளம்பி ஜிப்மர் வாசலுக்கு ஐம்பது நிமிடம். மாமியாரையும் கூட்டிப்போனோம். திரும்பும்போது அரியாங்குப்பத்தில் பரோட்டா சாப்பிட வேண்டும் என்றார், அதனால் ஒரு மணி நேரம் கூடிவிட்டது.

இடம் வாங்கவில்லை. பழைய தெருவில், மேட்டில், ஒரு ஓட்டு வீடு 7,500 ரூபாய் வாடகைக்கு. திண்ணை உண்டு, வாசலில் இரண்டே படி. பதினோரு மாத ஒப்பந்தம். பள்ளியை வருடத்தின் நடுவில் மாற்ற வேண்டாம் என்பதால், மகள் ஒன்பதாவது முடியும்வரை என் நாத்தனார் வீட்டில் லாஸ்பேட்டையிலேயே தங்குகிறாள். அவளுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். வாத்தியார் ஐயா, அந்த நுழைவு வளைவை இன்னும் காட்டவில்லை.