குளிர்காலத்தில் பாம்பு, பல்லி, ஆமையோடு வீடு மாறிய அனுபவங்கள்

பைத்தான் வளர்ப்பவர்:

கடுங்குளிரில் வீடு மாற வேண்டி வந்தது. எங்களிடம் ஒரு பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை), ஒரு பியர்டட் டிராகன், இரண்டு லெபர்ட் கெக்கோ (இவை பல்லி வகைகள்) இருக்கின்றன. வெளியே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. காரில் அரை நாள் பயணம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

நாங்கள் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: நல்ல கம்பளியாகப் பார்த்துச் சுற்றிவிடு. நாய்க்கும் பூனைக்கும் அது சரி. அவற்றின் உடம்பு தானே சூட்டை உண்டாக்குகிறது, கம்பளி அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. பாம்புக்கும் பல்லிக்கும் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்துபோன பாம்பைக் கம்பளியில் சுற்றினால் அந்தக் குளிர்தான் உள்ளே தங்கும். ஆகவே முதலில் சூடு, அப்புறம்தான் போர்வை. எங்கள் ஏற்பாடு முழுவதும் இதை வைத்துத்தான்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பைத்தானுக்கு இரை கொடுப்பதை நிறுத்தினோம். இரை செரிக்க உடம்பில் சூடு வேண்டும். வயிற்றில் எலி இருக்கும்போது உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்று, பாம்பு அதைக் கக்கிவிடும். கக்குவது பாம்பை மிகவும் பலவீனப்படுத்தும். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த பைத்தானுக்குச் சில வாரம் இரை இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பல்லிகளுக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும். தண்ணீரைக் கிளம்பும் காலை வரை வைத்திருந்தோம். பயணப் பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைக்கவில்லை. கொட்டி நனைந்தால் குளிர் இன்னும் வேகமாக ஏறும்.

பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தோம். கிளம்பும் காலையில் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துண்டில் சுற்றி அதற்குள் வைத்து மூடினோம். தெர்மாமீட்டரின் சென்சார் உள்ளே, திரை வெளியே. 27 டிகிரி வந்து நிலைத்த பிறகுதான் பிராணிகளை உள்ளே வைத்தோம். பைத்தான் தலையணை உறைக்குள், உறையின் வாய் முடிச்சிட்டு, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். கெக்கோக்கள் ஆளுக்கொரு டப்பாவில். ஒன்றாகப் பழகியவையாக இருந்தாலும் பயத்தில் கடித்துக்கொள்ளலாம். இடைவெளிகளில் துண்டு திணித்து டப்பாக்கள் ஆடாமல் பார்த்துக்கொண்டோம்.

ஹீட் பேக் (சூடு தரும் சிறு பொட்டலம்) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் இரும்புத் தூள். காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து அது துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. பெட்டியை இறுக்கமாக டேப் போட்டு அடைத்தால் பேக் அணைந்துபோகும், உள்ளே இருக்கும் உயிருக்கும் காற்று குறையும். துளைகள் அவசியம். கைக்குள் வைத்துக்கொள்ளும் சாதாரண வகை அளவுக்கு மீறிச் சூடாகும். உயிரினங்களை அனுப்புவதற்கென்றே 40 மணி நேரம், 72 மணி நேரம் என்று மெதுவாகச் சூடு தரும் வகை கிடைக்கிறது. அதையும் மூடியின் உட்புறம், டப்பாக்களைத் தொடாமல் ஒட்ட வேண்டும். கார் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அது தேவைப்படவே இல்லை. வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதற்காகவே பிரிக்காமல் கையில் வைத்திருந்தோம்.

குளிரைப் பற்றிய பயத்தில் பலர் அதிகச் சூட்டை மறந்துவிடுகிறார்கள். பியர்டட் டிராகன் தன் கண்ணாடித் தொட்டியில் 40 டிகிரி விளக்கின் கீழ் படுத்திருக்கும், உண்மைதான். ஆனால் போதும் என்று தோன்றினால் நிழலுக்கு நகர்ந்துவிடும். பெட்டிக்குள் நகர இடமில்லை. அதனால் எல்லாருக்கும் 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்தோம். காரை முன்பே சூடாக்கி, சாமான் எல்லாம் ஏற்றி முடித்து, கடைசியாகத்தான் பெட்டியைத் தூக்கி வந்து பின் சீட்டில் பெல்ட் போட்டு வைத்தோம்.

புது வீட்டில் என் தம்பி முந்தின நாளே போய்த் தொட்டிகளைப் பொருத்தி, தெர்மோஸ்டாட்டை (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடவிட்டு, இரவில் வெப்பம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வைத்தான். பெரிய நிம்மதி அது. பல்லிகள் சீக்கிரம் சாப்பிட ஆரம்பித்துவிட்டன. பைத்தான் வாரக்கணக்கில் இரையைத் தொடவில்லை. அந்த இனத்தில் இது சகஜம். எடை குறையாததால் தொந்தரவு செய்யாமல் விட்டோம்.

ஆமை வளர்ப்பவர்:

சகோ, எனக்கு இதற்கு நேர்மாறான கவலை. நாங்கள் வீடு மாறியபோது என் ஹெர்மன் ஆமை குளிர்காலத் தூக்கத்தில், குளிர் மாறாமலிருக்க ஃபிரிட்ஜுக்குள் 5 டிகிரியில் இருந்தது. சூடாக்கினால்தான் ஆபத்து. 10 டிகிரியைத் தாண்டினால் அரைகுறையாக விழிக்க ஆரம்பிக்கும். சேமித்த சக்தி கரையும், ஆனால் இரை தின்று செரிக்கிற அளவு சூடும் இருக்காது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண்ணும் காலும் உறைந்து கெட்டுவிடும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் வைத்துக்கொண்டே ஊர் மாற வேண்டும்.

ஃபிரிட்ஜை முன்கூட்டியே அனுப்பினோம். கொண்டுபோய் வைத்ததும் சில மணி நேரம் நேராக நிற்கவிட்டு, அப்புறம் போட்டு, வெப்பநிலை நிலைக்கும் வரை காத்திருந்தோம். அதுவரை ஆமை பழைய வீட்டின் குளிர்ந்த ஸ்டோர் ரூமில், தெர்மாகோல் பெட்டியில், தெர்மாமீட்டரோடு. பயண நாளில் கார் ஹீட்டரைப் போடவே இல்லை. நாங்கள் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் பைத்தானுக்குச் சூட்டைப் பிடித்து வைத்த அதே தெர்மாகோல், என் ஆமைக்கு வெப்பம் சட்டென்று ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டது.

போய்ச் சேர்ந்ததும் எடை பார்த்தேன். தூங்கும் காலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, சிறுநீர் கழித்திருந்தாலோ எழுப்பிவிட வேண்டும் என்பார்கள். இரண்டும் இல்லை. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

கார்ன் பாம்பும் கிரெஸ்டட் கெக்கோவும் வைத்திருப்பவர்:

நாங்கள் போய் இறங்கியபோது புது வீட்டில் மின் இணைப்பு வரவில்லை. மறுநாள் மாலைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஹீட்டர் இல்லை, விளக்கு இல்லை.

தொட்டியில் விட்டுவிடலாம் என்று வீட்டில் எல்லாருக்கும் அவசரம். நான் விடவில்லை. அவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டியை மின்சாரம் இல்லாமல் சூடாக்க முடியாது, சின்னப் பெட்டியைச் சூடாக வைக்கலாம். கேஸ் அடுப்பில் தண்ணீர் காய வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பாட்டிலில் நிரப்பி, துணி சுற்றி, பாம்பின் டப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். ஆறியதும் மாற்றினேன். இரவில் 20 டிகிரி அளவில் நின்றது. வயிறு காலியாக இருந்த கார்ன் பாம்புக்கு ஓர் இரவு அது தாங்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு 28 டிகிரிக்கு மேல் போனால்தான் கஷ்டம், அதனால் அதன் பக்கம் பாட்டிலே வைக்கவில்லை. எந்த இனம் எதைத் தாங்கும் என்று தெரிந்திருந்ததால்தான் அந்த இரவில் கை நடுங்காமல் வேலை பார்க்க முடிந்தது.

மின்சாரம் வந்த பிறகும் தொட்டி முழுக்கச் சூடாகும் வரை பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

இன்னொரு பைத்தான் வளர்ப்பவர்:

எங்களுடையது வருத்தமான கதை. பெட்டியைக் காருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தோம். சாமான் ஏற்ற வந்தவர்கள் அதையும் தூக்கி லாரியில் போட்டுவிட்டார்கள். லாரியில் ஏது ஹீட்டர்? கண்டுபிடித்துத் திறந்தபோது பாம்பு விறைத்தாற்போல் கிடந்தது, நாக்கு நீட்டவில்லை.

மருத்துவரைப் போனில் பிடித்தோம். விளக்கின் அடியில் வைக்காதீர்கள், வெந்நீரில் விடாதீர்கள், 22, 23 டிகிரி அறையில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள் என்றார். சில மணி நேரத்தில் அசைந்தது. அன்று நான் அழுதுவிட்டேன். இரண்டு வாரம் போல் கழித்து மூச்சு விடும்போது விசில் சத்தம், வாயோரம் குமிழி. நுரையீரல் தொற்று. ஆன்டிபயாடிக் ஊசி போட்டுத்தான் சரியானது. குளிர்பட்ட பாம்பு எழுந்து நடமாடிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சில வாரம் மூச்சைக் கவனியுங்கள்.

பைத்தான் வளர்ப்பவர்:

படித்து மனசு கனத்துவிட்டது. இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் சொன்னதைப் பார்த்து இனி பெட்டியின் எல்லாப் பக்கமும் "உயிருள்ளது, லாரியில் ஏற்ற வேண்டாம்" என்று எழுதி ஒட்டப் போகிறேன்.

கிளம்புபவர்களுக்கு இன்னொன்று. எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு, பல்லி பார்ப்பதில்லை. போகிற ஊரில் பார்ப்பவர் யார் என்று முன்பே விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். நாடு விட்டு நாடு போகிறவர்கள் அனுமதிக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பால் பைத்தானும் ஹெர்மன் ஆமையும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, அதற்கான தாள் கையில் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.