எட்டு வட்டுகளும் ஒரே ரேங்கில்: மெயின்ஃபிரேம் தரவுத்தளத்துக்கு ஸ்டிரைப்பிங் செய்த அனுபவம்

ஐபிஎம் இசட்10 மெயின்ஃபிரேமில், இசட்/விஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளுக்குள் ஓடிய லினக்ஸில், ஆரக்கிள் தரவுத்தளம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது. சேமிப்பகம் ஐபிஎம்மின் டிஎஸ்8000 வகையைச் சேர்ந்தது. வட்டுகள் அனைத்தும் ஃபைகான் எனும் மெயின்ஃபிரேம் இணைப்பு வழியே வரும் இசிகேடி டாஸ்டிகள், அதாவது மெயின்ஃபிரேம் வடிவமைப்பில் சேமிப்பகம் உருவாக்கித் தரும் வட்டுகள். தரவுக் கோப்புகள் எட்டு 3390 மாடல்-9 வட்டுகளின் மீது லினக்ஸின் வட்டு மேலாண்மைக் கருவியான எல்விஎம் மூலம் எட்டு ஸ்டிரைப்களாக, அதாவது சிறு துண்டுகளாக்கி வட்டுக்கு வட்டு மாறி மாறி வைக்கும் முறையில், பரப்பப்பட்டிருந்தன. இருந்தும், இரவு நேரத் தொகுதி வேலைகளில் பெரிய அட்டவணைகளை முழுமையாக வாசிக்கும்போது வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவே இல்லை. ஸ்டிரைப் எண்ணிக்கையைப் பதினாறாக்கினால் சரியாகிவிடும் என்பதே பலரின் முதல் யோசனையாக இருந்தது.

அதற்கு முன் டாஸ்டி இயக்கியின் புள்ளிவிவரத்தைப் பார்த்தோம். லினக்ஸில் அதை இயக்கிவிட்டால், ஒரு கோரிக்கை சப்சேனலுக்கு (வட்டுக்குச் செல்லும் ஐ/ஓ பாதைக்கு) அனுப்பப்படும் வரை வரிசையில் காத்திருந்த நேரம் தனியாகவும், அனுப்பிய பின் வன்பொருளிடமிருந்து பதில் வரும் வரை ஆன நேரம் தனியாகவும் கிடைக்கும். எங்கள் தரவுத்தளத்தில் முதல் நேரம் சிறியதாகவே இருந்தது, இரண்டாவதுதான் நீண்டிருந்தது. நெருக்கடி லினக்ஸின் வரிசையில் அல்லாமல் சேமிப்பகத்துக்குள் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை.

சேமிப்பக நிர்வாகியிடம் வட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கியபோது விஷயம் விளங்கியது. எட்டு வட்டுகளும் அடுத்தடுத்த சாதன எண்களோடு, ஒரே ரேங்கில், அதாவது உண்மையான சுழல் வட்டுகளைச் சேர்த்து அமைத்த ஒரே ரெய்டு தொகுதியில், உருவாக்கப்பட்டிருந்தன. ஸ்டிரைப்பிங்கால் இரண்டு வெவ்வேறு நன்மைகள் கிடைக்கின்றன. ஒரே வட்டுக்குக் கூடுதல் சப்சேனல்களைத் தரும் பேவ் வசதி இல்லாத சூழலில் ஒரு சப்சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஐ/ஓ மட்டுமே நடக்க முடியும் என்பதால், எட்டு வட்டுகள் இருந்தால் எட்டு ஐ/ஓக்கள் ஒரே சமயத்தில் செல்லலாம், இது முதலாவது. உண்மையான சுழல் வட்டுகள் பலவற்றின் மீது வேலை பரவுவது இரண்டாவது. எங்கள் அமைப்பில் முதலாவது மட்டும் இருந்தது. ஒரே வாசலுக்கு எட்டு வரிசைகள் போட்டது போல, எல்லாக் கோரிக்கைகளும் கடைசியில் அதே ரெய்டு-5 தொகுதியின் மீது போய் விழுந்தன. ஸ்டிரைப்களைப் பதினாறாக்கியிருந்தால் அந்த நெரிசல் இன்னும் மோசமாகியிருக்கும்.

புதிய வட்டுகளைக் கேட்கும்போது, டிஎஸ்8000-இன் இரு உள்சேவையகங்களுக்கும் பாதிப்பாதியாகவும், வெவ்வேறு ரேங்குகளிலிருந்தும், வெவ்வேறு எல்எஸ்எஸ்களிலிருந்தும் (சேமிப்பகம் வட்டுகளைப் பிரித்து வைக்கும் குழுக்கள்) வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம். எல்விஎம்மில் லாஜிக்கல் வால்யூமை (வட்டுகளைச் சேர்த்து அமைக்கும் ஒற்றைச் சேமிப்பிடத்தை) உருவாக்கும் கட்டளையில் வட்டுகளின் பெயர்களை நாமே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஒற்றைப்படை எல்எஸ்எஸ்கள் ஓர் உள்சேவையகத்துக்கும் இரட்டைப்படை எல்எஸ்எஸ்கள் மற்றதற்கும் உரியவை என்பதால், அந்த வரிசையில் இருவகை வட்டுகளையும் மாறி மாறி வைத்தோம். தரவுக் கோப்புகளை அங்கே நகர்த்திய பின், வன்பொருள் பதில் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

ஸ்டிரைப் அளவு குறித்துத்தான் விவாதம் நீண்டது. நாங்கள் 64 கேபி வைத்தோம். தரவுத்தள பிளாக் 8 கேபி என்பதால் ஒற்றை பிளாக் வாசிப்பு ஒரே வட்டோடு முடிந்துவிடுகிறது. 1 எம்பி முழு வாசிப்போ பதினாறு துண்டுகளாகி, வட்டுக்கு இரண்டு வீதம் எட்டு வட்டுகளுக்கும் பகிரப்படுகிறது. ஒரே சமயத்தில் பதினாறு பிளாக்குகள் மட்டும் வாசிக்கும்படி தரவுத்தளத்தை அமைத்திருந்தால், அந்த 128 கேபி இரண்டு அல்லது மூன்று வட்டுகளைத் தாண்டாது. ஆகவே அந்த அளபுருவையும் சேர்த்துப் பார்க்காமல் ஸ்டிரைப் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து. தரவு மாற்றங்களைப் பதிவு செய்யும் ரீடூ (redo) லாக் கோப்புகளை இந்தத் தொகுப்பில் சேர்க்காமல், தனி ரேங்குகளில் வைத்தோம்.

சேமிப்பகமே எக்ஸ்டென்ட்களை (அது இடம் ஒதுக்கும் துண்டுகளை) ரேங்குகளுக்கிடையே சுழற்றி வைக்கும் வசதி வந்த பின், எல்விஎம் ஸ்டிரைப்பிங் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைய டிஎஸ்8000-இல் ஓர் எக்ஸ்டென்ட் என்பது 1,113 சிலிண்டராக (வட்டு இடத்தை அளக்கும் அலகு) இருந்தது. ஒரு மாடல்-9 வட்டின் 10,017 சிலிண்டர்களும் ஒன்பதே எக்ஸ்டென்ட்களில் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய துண்டுகளாகப் பிரித்தால், தொடர்ச்சியான ஒரு வாசிப்பு வெகுநேரம் ஒரே ரேங்கிலேயே நிற்கும். எனவே இரண்டும் சேர்ந்திருப்பதில் தவறில்லை. தேவைப்படும் வட்டுக்குக் கூடுதல் சப்சேனல்களை (அலையஸ்களை) அவ்வப்போது தரும் ஹைப்பர்பேவ் இருந்தால், சப்சேனலுக்காகவே வட்டு எண்ணிக்கையைப் பெருக்க வேண்டியதில்லை. ஆனால் அலையஸ்கள் அந்தந்த எல்எஸ்எஸ்ஸுக்குள் மட்டுமே பகிரப்படும் என்பதால், ஒவ்வொன்றிலும் போதுமான அளவு ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

இடம் தீரும்போது ஒரு வட்டை மட்டும் சேர்க்காதீர்கள். எட்டு ஸ்டிரைப் வால்யூமை அதே அமைப்பில் நீட்டிக்க எட்டு வட்டுகளில் காலி இடம் வேண்டும். இல்லையென்றால் நீட்டிப்புக் கட்டளை தோல்வியடையும். ஒற்றை ஸ்டிரைப் என்று குறிப்பிட்டு நீட்டித்தால், புதிய பகுதி ஒற்றை வட்டில் நேர்கோடாகச் சேர்க்கப்பட்டு, புதிதாக எழுதப்படும் தரவெல்லாம் அங்கேயே குவியும். நாங்கள் எப்போதும் எட்டின் மடங்காகவே, அதே ரேங்க் பரவலோடு கேட்டு வாங்குகிறோம்.